உட்கார்ந்து பார்க்கிற அக்கா

ஜெனி, சாமு,

நேற்று பார்க்கிலிருந்து வந்த நேரத்திலிருந்து இரண்டு பேரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. காரணம் தெரியும். சாமு ஊஞ்சலில் ஏறப்போன நேரத்தில் அவனைத் தூக்கி ஓரமாக விட்டுவிட்டு, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நான் தொங்கினேன். காலை மடக்கித் தொங்கினேன். பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். "அப்பா, மானத்த வாங்காதப்பா" என்று ஜெனி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் தொங்காமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பழக்கம் என் அப்பா அம்மாவிடமிருந்து வந்ததில்லை. ஒரு அக்காவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவரைப் பற்றி உங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்பது படித்தால் தெரியும். அவர் பேரை எழுத மாட்டேன். எழுதினால் "யாரைக் கேட்டுப் போட்ட?" என்பார். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெனி, நீ எல்.கே.ஜி. படித்த பிள்ளையார்பாளையம் பள்ளிக்கூடம் ஞாபகம் இருக்கிறதா? சந்துக்குள்ளே நாலு வகுப்பறை, பின்னால் ஒரு சின்னத் தோட்டம். தோட்டத்தில் வேப்பமரத்துக்குக் கீழே பசங்கள் விளையாட ஒரு மர வீடு. நாலு தூணில் நின்றது. என் தொடை உயரத்தில் பலகைத் தளம், நாலு படி ஏணி, மேலே தகரக் கூரை, ஒரு கதவு, ஒரு ஜன்னல். தளத்துக்கு அடியில் மணல் கொட்டியிருந்தார்கள். மேலே ஆறு பேர் ஆடினால் கீழே நாலு பேர் மணலில் சோறு ஆக்குவார்கள். நீ எப்போதும் கீழேதான். சமையல்காரி.

அது தறி மரம். அதே சந்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டை இடித்துக் கட்டும்போது இரும்புச் சட்டத் தறிக்கு மாறினார். பழைய தறியின் மரங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். "நாப்பது வருஷம் பட்டு ஓடின மரம். அதுக்கு இன்னா வரப் போவுது?" என்று தெருவே சொன்னது. நானும் நம்பினேன். அந்த நாற்பது வருஷமும் அது வீட்டுக்குள்ளே, சொட்டுத் தண்ணீர் படாமல் இருந்த மரம். அதை யாரும் யோசிக்கவில்லை.

அந்த மர வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போன அன்றுதான் அக்காவை முதலில் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கி, பசங்களைக் கை கழுவ வைத்து, அழுகிறதுகளைத் தூக்கி வைத்துக்கொள்கிற வேலை அவருக்கு. அதற்கு முன்னால் வீட்டில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தவர். நல்ல பெரிய உடம்பு. இடுப்பில் எப்போதும் ஒரு கொத்து பட்டு நூல் கழிவு செருகியிருக்கும். நான் ஜன்னல் சட்டத்துக்குப் பச்சை அடித்து முடித்து நிமிர்ந்தால், அவர் அந்தக் கொத்தை எடுத்து ஈரத்தின் மேலேயே இழுத்தார்.

"இன்னாக்கா இது! ஈர பெயிண்ட்ல போய்!"

"நூல் எங்க நின்னுது பாரு."

"பெயிண்ட்ல ஒட்டிக்கினு நிக்குது."

"ஒட்டினா இழுத்தா வந்துடும். இது மாட்டிக்கினு நிக்குது. சிராய் இருக்குது. தேய்ச்சுட்டு அடி."

"உங்களுக்கு பெயிண்ட் வேலை தெரியுமா?"

"உனக்கு பட்டு தெரியுமா?"

கோபத்தில் விரலால் தடவினேன். என் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தபோது ஊசி மாதிரி ஒரு சிராய் எழும்பியது. எழும்பிய இடம் நாலு வயசுப் பிள்ளை கை வைக்கிற உயரம். நன்றி, சபாஷ் எதுவும் இல்லை. "அந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

தினமும் காலையில் பசங்கள் வருவதற்கு முன்னால் அந்த நூல் கொத்தோடு மர வீட்டைச் சுற்றுவார். ஏணிப் படி, கைப்பிடி, ஜன்னல், கதவு. பிறகு முட்டி போட்டு உள்ளே நுழைவார். "நின்னுக்கினு பார்த்தா நாம இடிச்சுக்கறதுதான் தெரியும்பா. அதுங்க இடிச்சுக்கறது குனிஞ்சாத்தான் தெரியும்" என்பார். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கிற போல்ட்டு முனைக்கெல்லாம் தண்ணீர் பாட்டில் மூடியை வெட்டி மாட்டியிருந்தார். வெயில் காலத்தில் தகரத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்து, சுட்டால் ஈரச் சாக்கைப் போடுவார். மழை விட்டதும் தளத்துக்கு அடியில் ஒரு குச்சியை விட்டு மணலைக் கிளறுவார். கிளறிவிட்டு வந்து உட்காருவாரா என்றால் மாட்டார். சாயங்காலம் மர வீட்டைப் பூட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போவார், அங்கிருந்து திரும்பி வந்து இன்னொரு தடவை கதவை ஆட்டிப் பார்ப்பார்.

திங்கட்கிழமைதான் விசேஷம். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு மர வீட்டின் மேலே ஏறி, தளத்துக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார். சாப்பிட்டுக்கொண்டே இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடுவார். "நான் எழுபத்தஞ்சு கிலோ. என்னைத் தாங்கினா அதுங்களைத் தாங்கும்" என்பார். ஒரு திங்கட்கிழமை இறங்கும்போது அந்தச் சின்னக் கதவில் மாட்டிக்கொண்டார். சீக்கிரம் வந்துவிட்ட பசங்கள் கையைப் பிடித்து "ஐலசா! ஐலசா!" என்று இழுத்தார்கள். அவரும் "இன்னும் பலமா இழுங்கடா, இட்லி துன்னீங்களா இல்லையா?" என்று அதட்டினார். வெளியே வந்ததும் முதல் வேலையாகக் கதவுச் சட்டம் அசைந்ததா என்று பார்த்தார்.

பெரிய டீச்சருக்கு இதெல்லாம் பிடிக்காது. பெரிய டீச்சர் நல்லவர்தான், ஆனால் பள்ளிக்கூடம் நடத்துகிறவருக்கு ஆயிரம் கவலை. ஒரு நாள் அக்கா அவரை மர வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கதவின் கீல் பக்கத்து இடுக்கில் ஒரு வெண்டைக்காயைச் செருகிக் கதவைச் சாத்தினார். வெண்டைக்காய் இரண்டாகி விழுந்தது.

"இது யார் விரல் டீச்சர்?"

டீச்சர் மறுநாளே பழைய சைக்கிள் டியூபை வெட்டி அந்த இடுக்கு முழுக்க ஆணி அடிக்கச் சொன்னார்கள். அடித்தது நான். ஆணித் தலையெல்லாம் உள்ளே போயிருக்கிறதா என்று நூலை இழுத்துப் பார்த்தது அக்கா.

கூரைக்கு அடியில் குளவி கூடு கட்டியது என்று ஒரு தடவை கூட்டைக் கொளுத்திவிட்டு, இரண்டு நாள் வீட்டைப் பூட்டிவிட்டார். ஒரு பையனின் அப்பா சண்டைக்கு வந்தார். "ஒரு குளவிக்கு ரெண்டு நாள் லீவாம்மா?" அக்கா சொன்னார், "அதுக்கு இல்ல சார். அதோட சொந்தக்காரங்க துக்கம் கேட்டுட்டுப் போறதுக்கு." சண்டைக்கு வந்தவரே சிரித்துவிட்டார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எங்கேயோ ஏதோ நடந்திருக்கும், அதனால்தான் இந்த அம்மாவுக்கு இப்படி ஒரு பயம் என்று. ஒரு நாள் கேட்டுவிட்டேன். "ஏங்க்கா, யாருக்காவது அடிபட்டுச்சா? உங்க வீட்ல எதனா..."

முறைத்தார். "யாருக்கனா அடிபட்டாத்தான் பார்க்கணுமா?"

அதோடு சரி. இன்றைக்கு வரைக்கும் அவர் ஏன் அப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியாது.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் அவர் எனக்குத் தொல்லையாகத்தான் இருந்தார். ஒரு வேலையை முடித்துவிட்டுப் போக முடியாது. "பார்த்தியா?" என்பார். "சரியா இருக்குதுக்கா" என்றால், "சரியா இருக்குதான்னு கேட்கல. பார்த்தியான்னு கேட்டேன்" என்பார். கையில் வேறு வேலை இருக்கும், பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கடைக்காரர் போன் மேல் போன் போடுவார், இவர் என்னைக் குனிந்து பார்க்கச் சொல்வார்.

அந்த வருஷம் குழந்தைகள் தின விழாவை மர வீட்டில் வைத்து நடத்த வேண்டும் என்று டீச்சருக்கு ஆசை. மேலே ஆறு பிள்ளைகள் உட்கார்ந்து பாட, கீழே மணலில் நாலு பேர் சமையல் செய்வது மாதிரி நடிக்க, அப்பா அம்மாக்கள் எல்லாம் முன்னால் நாற்காலியில். ஜெனி, கீழே நாலு பேரில் நீ ஒருத்தி. அதற்குமுன் வீட்டைப் புதுசாக்கித் தரச் சொன்னார்கள். அக்கா ஆரணியில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த நாலு நாளில் அந்த வேலை வந்தது.

ஏணிக்குப் பக்கத்துத் தூணின் அடியில், மண்ணை ஒட்டி, மண் கோடு மாதிரி ஒன்று ஏறியிருந்தது. சுரண்டினேன். உள்ளே ஓட்டை. விரல் போகிற அளவுக்கு ஓட்டை. கரையான்தான். அங்கேயே கடப்பாறையை எடுத்துத் தோண்டிப் பார்த்திருக்க வேண்டும். நான் சுவர் ஓட்டையை அடைக்கிற பட்டியை வைத்து மூடப் பார்த்தேன். டப்பாவில் பட்டி தீர்ந்திருந்தது. மழை வருகிற மாதிரி இருந்தது, கடைத்தெரு வரைக்கும் போய் வர மனசில்லை. காலையில் அதே சந்தில் பாவு விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். உங்களுக்குத்தான் தெரியுமே, தெரு நீளத்துக்கு நூலைக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தடவித் தடவி விறைப்பாக்குவார்கள். மிச்சக் கஞ்சி ஒரு சட்டியில் இருந்தது. நூலையே கெட்டியாக்குகிற கஞ்சி மரத்தைக் கெட்டியாக்காதா என்று நினைத்தேன். பாவுக்காரரிடம் கேட்டேன், அவரும் "பேஷா ஆவும்பா, கல்லு மாதிரி நிக்கும்" என்றார். மரத்தூளைக் கஞ்சியில் குழைத்து அந்த ஓட்டைக்குள் அடைத்தேன். தேய்த்தேன். மேலே இரண்டு கோட் பச்சை. அந்த நாலு தூணில் அதுதான் பார்க்க அழகாக இருந்தது.

திங்கட்கிழமை அக்கா வந்தார். நூல் கொத்தை அந்தத் தூணில் மேலிருந்து கீழ்வரை இழுத்தார். எங்கேயும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வந்தது. முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லா பண்ணிருக்கப்பா. அடியில தோண்டிப் பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா."

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவர் மறுபடி கேட்கவில்லை. எப்போதும் இரண்டு மூன்று தடவை கேட்கிறவர் அன்றைக்குக் கேட்கவில்லை. பெயிண்ட் காயட்டும், விழா வரைக்கும் யாரும் ஏறக்கூடாது என்று டீச்சர் கயிறு கட்டச் சொல்லிவிட்டதால் திங்கட்கிழமைச் சாப்பாடும் மேலே நடக்கவில்லை.

செவ்வாயிலிருந்து நாலு நாள் மழை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். எனக்கும் வேலை இல்லை. வீட்டில் உட்கார முடியவில்லை. அந்தத் தூண் கண்ணுக்குள்ளேயே நின்றது. சைக்கிளை எடுத்துக்கொண்டு நனைந்தபடி பள்ளிக்கூடம் வரைக்கும் போவேன். கேட் பூட்டியிருக்கும். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தால் மர வீடு பச்சைப் பசேலென்று நிற்கும். நன்றாகத்தானே நிற்கிறது என்று திரும்புவேன். பாதி வழியில் மறுபடி சைக்கிளைத் திருப்புவேன். உங்கம்மா "யாரைத் தேடிக்கினு போற மழையில?" என்று கேட்டாள். சாவி டீச்சரிடம் இருந்தது, டீச்சர் வீடு தள்ளி, ஏனாத்தூரில். ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டால் என்ன சொல்வது? போடவில்லை.

சனிக்கிழமை விழா. காலை ஏழு மணிக்கு, சில்லறை வேலைக்காக ஒரு சின்ன டப்பாவில் பெயிண்ட்டோடு போனேன். கேட் திறந்திருந்தது. கயிறு அவிழ்ந்து கிடந்தது. கூட்டிப் பெருக்க முதல் நாளே டீச்சரிடம் சாவி வாங்கிவிட்ட அக்கா, மேலே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, இறங்குங்க. டீச்சர் வந்தா திட்டுவாங்க."

"வரட்டும். அவங்களுக்கும் ஒரு இட்லி குடுக்கறேன்."

"பெயிண்ட் காயல்ல. புடவை பாழாயிடும். இறங்குங்கக்கா."

"இருப்பா. ஒரு ஆட்டம் ஆடிட்டு வரேன்."

அப்போதும் நிஜத்தைச் சொல்லவில்லை பாருங்கள். புடவையைச் சொன்னேன். அவர் இடது பக்கம் ஆடினார், வலது பக்கம் ஆடினார். மரம் உடைகிற சத்தம் இல்லை. ஊறின ரொட்டியை மிதித்த மாதிரி ஒரு சத்தம். ஏணிப் பக்கத் தூண் அடியில் மடங்கியது, தளம் அந்த மூலையோடு இறங்கி மணலில் குத்தியது. அக்கா உருண்டு, கையை ஊன்றி விழுந்தார். தகரக் கூரை சாய்ந்து வேப்பங்கிளையில் மாட்டி நின்றது. தளத்தின் மூலை குத்திய இடம், ஜெனி, நீ சட்டி வைத்துக்கொண்டு உட்காருகிற இடம்.

ஓடிப்போய்த் தூக்கினேன். வலது மணிக்கட்டு வேறு மாதிரி திரும்பியிருந்தது. அவர் அழவில்லை. இடது கையால் தூணின் உடைந்த அடியிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார். வெள்ளையாக, ஈரமாக, புளித்துப்போயிருந்தது. முகர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கஞ்சி."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குள் டீச்சர் வந்துவிட்டார். பின்னாலேயே இரண்டு மூன்று அப்பா அம்மாக்கள்.

"எத்தன தடவ சொன்னேம்மா! பசங்க ஏறுற வீட்ல நீங்க போய் உக்காரலாமா? உங்க வெயிட்டுக்கு எது தாங்கும்? விழாவையே கெடுத்துட்டீங்களே!"

"அந்தம்மா ஏறினா தேரே சாயும்" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதைத்தான் உங்களிடம் இத்தனை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். அக்கா கஞ்சிக் கட்டியை மணலில் போட்டுவிட்டு, ஆட்டோவில் ஏறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். விழா முன் அறையில் நடந்தது. நீ தக்காளி வேஷத்தில் ஆடினாய். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

அக்காவை இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை டீச்சரிடம் போய், தூணில் கரையான் இருந்தது, நான்தான் கஞ்சி வைத்து மூடினேன், அந்த அக்கா மேல் தப்பில்லை என்று சொன்னேன். "இப்ப எதுக்குபா இதெல்லாம் கிளப்பிக்கினு? ஒரு தூண்தானே போச்சு. அத மட்டும் மாத்திக் குடு. திங்கக்கிழமை பசங்க ஏறணும்" என்றார் டீச்சர். புதுத் தூண் வாங்கி வந்து நட்டேன். கூரையை நிமிர்த்தினேன். பெயிண்ட் அடித்தேன். சாவி என்னிடமே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெனி, நீ அம்மாவோடு சர்ச்சுக்குப் போனாய். நான் அக்கா வீட்டுக்குப் போனேன். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் நூல் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

"அக்கா, நான் பார்க்கலக்கா. பார்த்தேன்னு பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்."

"டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். என்மேலதான் தப்புன்னு."

"சரி."

"நான் சொன்னத நீங்க நம்பலையாக்கா? அதனாலதான் ஏறி உக்காந்தீங்களா?"

"நம்பினேன்பா. நம்பறதுக்கும் உக்காந்து பார்க்கறதுக்கும் இன்னா சம்பந்தம்?" சிக்கை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "மத்த மூணு தூணு?"

"அதெல்லாம்..."

"தோண்டிப் பார்த்தியா?"

"இல்லக்கா."

"அப்புறம் இங்க எதுக்கு வந்து நின்னுக்கினு இருக்க? நாளைக்கு திங்கக்கிழமை."

பிறகு டீச்சரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அக்கா போகவில்லை. தங்கச்சி வீட்டோடு ஆரணிக்குப் போய்விட்டார். நான் அவரை அப்புறம் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவர் வீட்டிலிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தோட்டத்தில் யாரும் இல்லை. மர வீட்டுக்கு அடியில் குப்புறப் படுத்து, முதல் தூணைச் சுற்றித் தோண்டினேன். முழங்கை வரைக்கும் மண்ணுக்குள் விட்டுத் தடவினேன். கத்தி முனையால் குத்தினேன். இறங்கவில்லை. இரண்டாவது தூணையும் அப்படியே பார்த்தேன். காய்ந்த எலும்பு மாதிரி கெட்டியாக இருந்தது. தூறல் ஆரம்பித்தது. சட்டை முழுக்க மண். சர்ச்சு விட்டிருக்கும், நீயும் அம்மாவும் பசியோடு வருவீர்கள். இரண்டும் நன்றாக இருக்கிறது, மிச்சமிருக்கிற ஒன்றும் அதே தறியின் மரம்தான், வேப்பமரத்து மறைவில் மழை கூட அவ்வளவாகப் படாத மூலை. குழிகளை மூடி மிதித்தேன். கடப்பாறையைச் சைக்கிளில் வைத்துக் கட்டினேன். கேட்டைப் பூட்டினேன். ஏறி ஒரு மிதி மிதித்தேன்.

இறங்கி, கடப்பாறையை அவிழ்த்து, உள்ளே போய் மூணாவதையும் தோண்டினேன்.